அனுமதி வருமுன் வண்டி ஓட்டலாமோ?

விழா மலரொன்றிலே கல்லூரியின் வரலாறும், மறைந்த ஆசிரியப் பெருமக்களின் நினைவும், மைதானத்து வெற்றிகளும் இடம்பெறுதல் மரபு. அவற்றினிடையே மோட்டார் வண்டியைப் பற்றியும் வைத்தியர் கடிதத்தைப் பற்றியும் எழுதப் புகுந்தமைக்குக் காரணம் கூறுதல் எம் கடன். ஐம்பது வயதைக் கடந்த பழைய மாணவர் நால்வர் ஓரிடத்தே கூடுவாராயின், பேச்சு பிள்ளைகளின் படிப்பிலே தொடங்கி நீரிழிவிலும் நெஞ்சுவலியிலும் வந்து நிற்பதை யாவரும் அறிவர். இலண்டனிலிருந்தோ ரொறன்ரோவிலிருந்தோ விடுமுறைக்கு வந்தவர் ஒருவர் அக்கூட்டத்தில் இருப்பின், இன்னுமொரு வினாவும் எழும். "வைத்தியர் ஓட்டலாம் என்கிறார், அனுமதி தருகிற அலுவலகம் இன்னும் பதில் எழுதவில்லை. இடையிலே நான் வண்டியைத் தொடலாமா, கூடாதா?" இவ்வினாவுக்கு ஆளுக்கொரு விடை கூறப்படுகின்றது. அவற்றுட் பல பிழையானவை, சில ஆபத்தானவை. ஆதலின் இதனைச் சற்று விரித்துரைக்க விரும்புகின்றோம்.

மாத்தளை மாவட்டத்தவர்க்கு இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. புகையிரதம் 1880ஆம் ஆண்டில் எம் நகரை வந்தடைந்தது. வந்தடைந்த இடத்திலேயே நின்றும் விட்டது. அதற்கு வடக்கே நாலந்தை, நாவுலை, தம்புள்ளை, சீகிரியா என்று எங்குச் செல்வதாயினும் வீதியையே நம்பவேண்டும். கண்டியிலிருந்து வரும் ஏ-9 நெடுஞ்சாலை அக்குறணை, அலவத்துகொடை கடந்து பலகடுவைக் கணவாயில் ஏறி இறங்கி நகருட் புகுகின்றது. இரத்தோட்டைக்கு அப்பால் ரிவர்ஸ்டன் நோக்கி ஏறுகின்ற மலைப் பாதையின் வளைவுகளையும், பட்டப்பகலிலே வந்து மூடும் பனிமூட்டத்தையும் அறியாத மாத்தளை மாணவன் இல்லை. தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இரவிரவாக மரக்கறி ஏற்றிச் செல்லும் லொறிகள், உல்லாசப் பயணிகளைச் சீகிரியாவுக்குக் கொண்டு செல்லும் வான்கள், தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றி இறக்கும் முச்சக்கர வண்டிகள் என்று எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு எரிவது ஒருவருடைய சாரதி அனுமதிப்பத்திரத்தாலேயே ஆகும். அப்பத்திரம் மூன்று திங்கள் முடங்குமாயின், முடங்குவது அவர் ஒருவர் மட்டுமல்லர்.

நோயுற்றவர் வண்டி ஓட்டக்கூடாதென்று சொல்லுவதற்கு அடிப்படை யாது? மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் வண்டி ஒரு விநாடியிலே ஏறக்குறைய 14 மீற்றர் ஓடுகின்றது. சாரதிக்கு ஐந்து விநாடி நினைவு தப்புமாயின், வண்டி 70 மீற்றர் தூரம் கேட்பாரின்றி ஓடும். பாடசாலை விடும் நேரத்தில் எம் நகரத்துக் கடைவீதியை மனத்தில் எண்ணிப் பார்ப்பவர்க்கு அந்த 70 மீற்றரின் பொருளை நாம் விளக்க வேண்டியதில்லை. வலிப்பு, இருதயத் துடிப்பின் கோளாறு, இரத்தத்திற் சீனி திடீரெனக் குறைதல் ஆகியன இவ்வகையினவாய், முன்னறிவிப்பின்றி நினைவைக் கவர்வன. இன்னொரு வகை நோய்கள் உள. அவை நினைவைக் கவராது, திறனை மெல்லக் குறைப்பன. பாரிசவாதத்தின் பின்னர் கைகாலிலே வலுக் குறையலாம். அதனினும் கொடியதாய், பார்வைப் பரப்பின் ஒரு பாதியே மறைந்து போகலாம். மறைந்தது மறைந்ததென்பதை நோயாளியே உணராதிருப்பதுண்டு. வீட்டுக்குள் நடமாடும்போது கதவு நிலையில் அடிக்கடி தோள் இடிபட்டாலன்றி அவருக்கு அது தெரியவராது. அத்தகையவர் இடப்புறத்திலிருந்து வரும் துவிச்சக்கர வண்டியைக் காணாமலே செல்லுவார்.

எனினும், ஆபத்தில்லாத சாரதி என்று உலகில் எவரும் இலர். முற்றிலும் சுகதேகியான இளைஞனும் தூங்கி வழியலாம். ஆகவே மருத்துவ விதிகளை வகுப்போர் "ஆபத்து உண்டா?" என்று கேளாது, "எவ்வளவு ஆபத்து?" என்று கேட்கின்றனர். ஐக்கிய இராச்சியத்தில் வலிப்புப் போன்ற நோய்களுக்கு வகுத்துள்ள அளவுகோல், காரோட்டுபவர்க்கு அடுத்த ஓராண்டிலே நோய் திரும்பும் சாத்தியம் நூற்றுக்கு 20க்கு மேற்படலாகாது என்பதாகும். லொறி, பஸ் ஓட்டுபவர்க்கோ அது நூற்றுக்கு 2 மட்டுமே. வண்டியின் பாரமும், நாள்தோறும் ஓட்டும் நேரமும், ஏற்றிச் செல்லும் உயிர்களின் தொகையும் இவ்வேற்றுமைக்குக் காரணம். முதன்முறையாகக் காரணமின்றி ஒரு வலிப்பு வந்தவரைப் பற்றி 2010ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவ இதழில் வெளிவந்த ஆராய்ச்சி, ஆறு திங்கள் நலமே கழிந்தபின் மீண்டும் வலிப்பு வரும் சாத்தியம் பொதுவாக அந்த 20 என்னும் வரம்பிற்குக் கீழே இறங்கிவிடுவதைக் காட்டிற்று. "ஆறு மாதம்" என்னும் தவணை ஏதோ அலுவலர் ஒருவர் மனம்போனபடி விதித்த தண்டனை என்று எண்ணிக் குமைவோர் இதனை அறிதல் நன்று.

அந்நாட்டின் தவணைகள் சிலவற்றை இங்குக் குறிப்போம். வலிப்பு நோயென நிச்சயிக்கப்பட்டவர் கார் ஓட்டுதற்கு 12 திங்கள் வலிப்பின்றி இருத்தல் வேண்டும். கனரக வாகனத்துக்கோ மருந்தும் இன்றி 10 ஆண்டு. பாரிசவாதமோ, சிறிது நேரத்தில் மறையும் அதன் சிறு வடிவமோ வந்தவர் ஒரு திங்கள் கார் ஓட்டலாகாது. அத்திங்கள் கழிந்தபின் நரம்புக் குறை எதுவும் எஞ்சவில்லையெனில், அவர் திணைக்களத்துக்குத் தெரிவிக்கவும் வேண்டியதில்லை. மாரடைப்பின் பின் நாளத்தை விரித்துச் சிகிச்சை வெற்றியாய் முடிந்தவர் ஒரு வாரத்திலும், ஏனையோர் நான்கு வாரத்திலும் காரோட்டத் தொடங்கலாம். இருதயத்துக்கு மின்துடிப்புக் கருவி பொருத்தியவர்க்கும் ஒரு வாரமே. இவற்றை நோக்கும்போது, கடிதத்துக்காகக் காத்திருப்போரிற் சிலர் காத்திருக்க வேண்டாத காத்திருப்பிலே கிடக்கின்றனர் என்பது புலனாகும். எந்த நோய்க்குத் தெரிவித்தல் வேண்டும், எந்த நோய்க்கு வேண்டா என்பதை முதற்கண் வைத்தியரிடம் கேட்டறிவதே முறை.

இனி எடுத்த வினாவுக்கு வருவோம். இங்கிலாந்து, வேல்சு, ஸ்கொத்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கும் சாரதி அனுமதிப்பத்திரம் வழங்கும் அலுவலகம் வேல்சிலே சுவான்சி நகரில் உள்ளது. வட அயர்லாந்துக்கு வேறொன்று. 1988ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, ஓட்டுதலைப் பாதிக்கக்கூடிய நோயைச் சாரதியே அறிவித்தல் வேண்டும் என்கின்றது. அறிவியாதவர்க்கு ஆயிரம் பவுண் வரை தண்டம் உண்டு. 93ஆம் பிரிவு நோய் காரணமாகப் பத்திரத்தை இரத்துச் செய்யும் அதிகாரத்தை அளிக்கின்றது. எம் அன்பர் கேட்கும் கேள்விக்கு விடை தருவது 88ஆம் பிரிவு. விண்ணப்பம் ஆராயப்படும் காலத்திலே, கையிற் பத்திரம் இல்லாதிருந்தும் ஒருவர் சட்டப்படி வண்டி ஓட்டலாம் என்று அப்பிரிவு இடங்கொடுக்கின்றது.

ஆயின் இவ்விடம் எல்லார்க்கும் உரியதன்று. விண்ணப்பம் குறைவின்றி நிரப்பப்பட்டுச் சுவான்சியைச் சென்றடைந்திருத்தல் வேண்டும். தபாலிற் சேர்த்தது போதாது. முன்னர் முறையான பத்திரம் வைத்திருந்தவராயும், அதில் அனுமதிக்கப்பட்ட வகை வண்டியையே இப்போதும் ஓட்டுபவராயும் இருத்தல் வேண்டும். பழைய பத்திரத்திலே கண்ணாடி அணிதல் போன்ற நிபந்தனை இருந்திருப்பின் அது இப்போதும் செல்லும். நீதிமன்றம் ஓட்டத் தடைவிதித்திருத்தல் ஆகாது. மதுபோதைக் குற்றத்தின் காரணமாக மிகு ஆபத்துடையோர் என்னும் வகையிலே 2013 யூன் 1ஆம் திகதியிலோ அதன் பின்னரோ தடையுற்றவர்க்கும் இச்சலுகை இல்லை. வைத்தியர் ஓட்டுதற்குத் தகுதி உண்டெனக் கூறியிருத்தல் வேண்டும். கடைசிப் பத்திரம் நோய் காரணமாக இரத்துச் செய்யப்பட்டதாகவோ மறுக்கப்பட்டதாகவோ இருத்தல் ஆகாது. இத்தனையும் பொருந்தினும் சலுகை ஓராண்டுக்கே. விண்ணப்பம் அலுவலகத்தை அடைந்த நாள் தொட்டு 12 திங்கள் நிறைந்தாலோ, அதற்குள் மறுப்புக் கடிதம் வந்தாலோ அன்றே அது முடிந்துவிடும்.

நோய் காரணமாக இரத்துச் செய்யப்பட்டிருத்தல் ஆகாது என்னும் அந்த நிபந்தனையிலேதான் நம்மவர் பலர் இடறுகின்றனர். அதனை ஓர் உதாரணத்தால் விளக்குவோம். ஒரே வீதியில் வாழும் இருவரைக் கற்பனை செய்க. இருவர்க்கும் சனவரி 10ஆம் நாளிலே வலிப்பு வந்தது. இருவர்க்கும் 12 திங்கள் தவணை. முதலாமவர் வைத்தியர் சொன்னவுடனே, தம் பத்திரத்தைத் தாமே விரும்பி ஒப்படைப்பதாக எழுதி அனுப்பிவிட்டார். இரண்டாமவர் நோயை மட்டும் அறிவித்துவிட்டுப் பத்திரத்தை மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டார். அலுவலகம் விசாரித்து மார்ச்சு மாதத்திலே அதனை இரத்துச் செய்தது. அந்த ஆண்டு முழுவதும் இருவரும் வண்டியைத் தொடவில்லை. நேர்மையில் இருவரும் ஒத்தவரே. தவணை முடிவதற்கு எட்டு வாரம் முன்னதாகவே விண்ணப்பிக்க விதி இடந்தருதலால், நவம்பர் நடுப்பகுதியில் இருவரும் விண்ணப்பித்தனர். அடுத்த சனவரியிலே 12 திங்கள் வலிப்பின்றிக் கழிந்தது. வைத்தியர் இருவரையும் நோக்கி "இனி ஓட்டலாம்" என்றார். சுவான்சிக் கடிதமோ எவர்க்கும் வரவில்லை.

இப்போது முதலாமவர் 88ஆம் பிரிவின் துணைகொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு வேலைக்குச் செல்லலாம். இரண்டாமவர் செல்லலாகாது. புதிய பத்திரம் உண்மையாகவே வழங்கப்படும் வரை, அது பெப்ரவரியாயினும் யூனாயினும், அவர் பஸ்ஸுக்கே நிற்க வேண்டும். நோயும் ஒன்று, வைத்தியமும் ஒன்று, நேர்மையும் ஒன்று. வேறுபட்டது ஒரு கடிதத்தின் வகை மட்டுமே. இது நியாயமா என்று கேட்போர்க்கு எம் விடை, முழு நியாயமன்று என்பதே. தானே விலகியவனை நம்பலாம், விலக்கப்பட்டவனை மீளச் சோதித்தே நம்பவேண்டும் என்னும் கருத்து சட்டத்தின் உள்ளே கிடக்கின்றது. அக்கருத்து பொதுவிலே பொருந்தும். ஆயினும் விதியை அறியாமையால் இழுப்பறையிற் பத்திரத்தை வைத்திருந்தவரை ஒளித்தவரோடு ஒன்றாய் எண்ணுதல் தகாது. எவ்வாறாயினும் சட்டம் அதுவே. நோய் நிச்சயமாய் ஓட்டுதலைத் தடுக்கும் வகையினதாயின், ஒப்படைத்தலே பின்னர் பயன் தரும். ஓட்டத் தடையே விதிக்கத் தேவையில்லாத சிறு நோய்க்கு அச்சத்தாற் பத்திரத்தைக் கொடுத்துவிட்டுப் பின்பு மாதக்கணக்காய் அலைதலும் அறிவுடைமை ஆகாது. இரண்டில் எது என்பதை அறிய ஒரு வாரம் எடுத்துக்கொண்டாற் குற்றமில்லை, அவ்வாரத்திலே வண்டியை எடுக்காதிருப்பின்.

இன்னுமொரு பொருளை நம்மவர் உணர்தல் வேண்டும். 88ஆம் பிரிவின்கீழ் ஓட்டுதற்குத் தனி அட்டை எதுவும் வழங்கப்படுவதில்லை, சட்டமே அனுமதி. நிபந்தனைகள் தமக்குப் பொருந்துகின்றனவா என்று தீர்மானிக்கும் பொறுப்பு ஓட்டுபவரின் தலையிலேயே விழுகின்றது. பொருந்தாதிருந்தும் ஓட்டியவர் அனுமதியின்றி ஓட்டிய குற்றத்துக்கு ஆளாவதோடு, காப்புறுதியும் கைவிட்ட நிலைக்கு உள்ளாகலாம். ஆகவே காப்புறுதிக் கம்பனிக்கு நோயையும், 88ஆம் பிரிவின்கீழ் ஓட்டக் கருதியிருத்தலையும் எழுத்திலே அறிவித்து, எழுத்திலேயே பதில் பெறுதல் தக்கது. இவ்வனுமதி அந்நாட்டு எல்லைக்குள் மட்டுமே செல்லும் என்பதையும் மறத்தலாகாது. மாசி மகத்துக்கு ஊர் வந்து முத்துமாரியம்மன் பஞ்சரதபவனியைக் கண்டு மகிழ்ந்து, அப்படியே ஒரு காரை வாடகைக்கெடுத்துத் திருகோணமலை பார்க்கப் புறப்படலாம் என எண்ணும் அன்பர் கவனிப்பாராக. சர்வதேச அனுமதிப்பத்திரம் பெறுதற்குக் கையிலே செல்லுபடியாகும் பத்திரம் இருத்தல் வேண்டும். ஒப்படைத்துவிட்டவர்க்கு அது இல்லை. அவருக்கு உள்ளூர்ச் சாரதியே துணை.

கடிதம் ஏன் இவ்வளவு தாமதிக்கின்றது? நோயாளியின் விண்ணப்பம் ஏனைய விண்ணப்பங்கள் போல இயந்திரத்தில் ஓடி முடிவதன்று. வைத்தியருக்கு வினாக்கொத்து அனுப்பி, அவர் நிரப்பி அனுப்ப, சில வேளை கண் பரிசோதனைக்கோ ஓட்டப் பரிசோதனைக்கோ எழுதி, அவற்றின் முடிவை மருத்துவ ஆலோசகர் ஒருவர் பார்த்தபின்னரே முடிவு பிறக்கும். இவற்றுள் எந்தப் படியிலும் தாள் தேங்கலாம். 2016ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுப் பாராளுமன்றக் குறைகேள் அதிகாரி, இவ்வலுவலகத்தின் தாமதத்தாலும் பிழையான முடிவுகளாலும் வேலையும் நிம்மதியும் இழந்தவர்களின் முறைப்பாடுகளை ஆராய்ந்து கடுமையான அறிக்கையொன்றை வெளியிட்டார். 2020ஆம் ஆண்டின் கொரோனாத் தொற்றுக்குப் பின்னர் தேக்கம் பன்மடங்காயிற்று. 2022 நவம்பரிலே தேசியக் கணக்காய்வு அலுவலகமும் அதனை ஆராய்ந்து எழுதிற்று. வினாக்கொத்தை வைத்தியர் மட்டுமன்றித் தகுதிபெற்ற தாதியர் முதலிய ஏனைய சுகாதாரப் பணியாளரும் நிரப்பலாம் என 2022 யூலையில் சட்டம் திருத்தப்பட்டமை இத்தேக்கத்தின் விளைவே. விண்ணப்பித்தவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு: தம் வைத்தியரின் பணிமனைக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சென்று, வினாக்கொத்து வந்ததா, போயிற்றா என்று பணிவோடு கேட்டல். அங்கே கிடக்கும் தாளே பெரும்பாலும் காலத்தை உண்பது.

கனடாவிலே முறை வேறு. ரொறன்ரோ நகரம் அமைந்துள்ள ஒன்ராறியோ மாகாணத்தில், ஓட்டுதற்குத் தகுதி குன்றிய நோயாளியைப் பற்றி மாகாண அலுவலகத்துக்கு அறிவித்தல் வைத்தியரின் சட்டக் கடமை. பிரித்தானியாவிலோ அக்கடமை முதலில் நோயாளியினது. வைத்தியர் எச்சரித்தும் அவர் ஓட்டிக்கொண்டே திரிந்தால், அப்போது வைத்தியர் இரகசியத்தை விடுத்து அறிவிக்கலாம் என மருத்துவ சபையின் ஒழுக்கவிதி கூறுகின்றது. வைத்தியரே அறிவிப்பாரென்றால் நோயாளி வைத்தியரிடம் உண்மை கூற அஞ்சுவான் என்பது ஒரு கட்சி. நோயாளியை நம்பினால் வீதியிற் செல்வோர்க்குக் காவல் இல்லை என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை உண்டு.

எம் நாட்டு நிலையை நோக்குவோம். 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டமே இன்றுவரை இங்கு அடிப்படை. தேசியப் போக்குவரத்து மருத்துவ நிறுவகம் 1997ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்தது. பத்திரம் பெற விரும்புவோரின் பார்வை, செவிப்புலன் முதலியவற்றை அந்நிறுவகம் பரிசோதித்துச் சான்றிதழ் வழங்க, அதனைக் கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களம் பத்திரம் வழங்குகின்றது. இலகு வாகனப் பத்திரம் எட்டாண்டும், கனரக வாகனப் பத்திரம் நான்காண்டும் செல்லும். ஆகவே இங்கே பரிசோதனை என்பது வாசலில் நிற்கும் காவலன் போன்றது. உள்ளே புகுந்தவரைப் பின்தொடர்ந்து செல்வதன்று. புதுப்பித்து ஓராண்டில் ஒருவருக்குப் பாரிசவாதம் வந்தால், எஞ்சிய ஏழாண்டும் அட்டை அவர் சட்டைப் பையிலே இருக்கும். அட்டையிற் காணும் திகதி சாரதியின் மூளையிலே கட்டிய இரத்தத்தை அறியாது. சுவான்சி விடயத்திலே நம்மவர் கேட்பது "அனுமதி இல்லை; ஓட்டலாமோ?" என்பது. மாத்தளையிலே கேட்கவேண்டியது "அனுமதி இருக்கின்றது, ஓட்டலாமோ?" என்பதாகும். பின்னைய வினா முன்னையதிலும் கடினமானது என்பது எம் கருத்து. ஏனெனில் அதனைக் கேட்குமாறு தூண்டும் கடிதம் எதுவும் வருவதில்லை.

2022, 2023ஆம் ஆண்டுகளிலே பொருளாதார நெருக்கடியால் அட்டைத் தட்டுப்பாடு நேர்ந்தபோது, பலர் தற்காலிகக் கடதாசிப் பத்திரத்தோடு ஓட்டித் திரிந்தமை நினைவிருக்கும். அது அச்சிடுதலிலே நேர்ந்த தாமதம். ஓட்டுபவரின் தகுதி முன்னரே நிச்சயமாகியிருந்தது. மருத்துவ முடிவுக்குக் காத்திருத்தல் அவ்வாறன்று. இரண்டையும் ஒன்றெனக் கொண்டு, "அப்போது ஓட்டினோமே, இப்போது ஏன் ஓட்டக்கூடாது?" என்று வாதிடுதல் பொருந்தாது. இந்தியாவிலே 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, நோய் அல்லது இயலாமை காரணமாக எக்காலத்திலும் பத்திரத்தை இரத்துச் செய்யலாம் என்கின்றது. 40 வயதைக் கடந்தோர் புதுப்பிக்கும்போது 1-ஏ என்னும் படிவத்திலே வைத்தியர் சான்று பெறவேண்டும். தமிழ்நாட்டிலே குடியேறிய பழைய மாணவர் இதனை அறிந்திருப்பர்.

மறைத்து ஓட்டுதலால் விளைந்த கேட்டுக்கு உலகம் இரண்டு பெருஞ் சான்றுகளைக் கண்டது. 2011 ஏப்ரல் 18ஆம் நாள், யப்பானிலே கனுமா நகரில் பாரந்தூக்கி வாகனம் ஒன்று பாடசாலைக்கு நடந்து சென்ற பிள்ளைகள் மீது பாய்ந்து அறுவரைக் கொன்றது. ஓட்டியவர் தமக்கிருந்த வலிப்பு நோயை மறைத்துப் பத்திரம் பெற்றவர். 2014 திசெம்பர் 22ஆம் நாள், நத்தாருக்கு மூன்று நாள் முன்னதாக, ஸ்கொத்லாந்தின் கிளாஸ்கோ நகரத்துக் கடைவீதியிலே குப்பை லொறி ஒன்றின் சாரதி நினைவிழந்தார். அங்கும் அறுவர் மாண்டனர். அவருக்கு 2010ஆம் ஆண்டிலேயே பஸ் ஒன்றின் சாரதி ஆசனத்தில் நினைவு தப்பியிருந்ததையும், அதனை வைத்தியர்க்கும் அலுவலகத்துக்கும் அவர் உள்ளவாறு உரையாததையும் விசாரணை வெளிப்படுத்திற்று. பத்திரம் இரத்தாகியிருந்த 2015ஆம் ஆண்டிலே அவர் மீண்டும் காரோட்டி அகப்பட்டு, 2017இல் தண்டனை பெற்றார். வலிப்புள்ளவர் எல்லாரையும் இவ்விரு நிகழ்ச்சிகளைக் காட்டி இகழ்வது பெருந்தவறு. மருந்துண்டு நோயை அடக்கி, தவணை காத்து, முறைப்படி ஓட்டுவோர் எண்ணிறந்தோர். அவரிற் பலர் நோயற்றவரினும் நிதானமானவர். இவ்விரு நிகழ்ச்சிகளிலும் மறைக்கப்பட்டதை அறிவித்திருந்தால் வண்டி தெருவுக்கு வந்திராது.

இனி, சட்டமும் வைத்தியரும் இடந்தந்தபின் எவ்வாறு மீளத் தொடங்குவது? நீண்டநாள் ஓட்டாதிருந்தவர்க்குக் கையும் காலும் மறதியுறுவதில்லை. கண்ணும் கவனமுமே களைத்துப் போகின்றன. ஆகவே முதல் நாளிலேயே பலகடுவை ஏற்றத்தில் ஏறப் புறப்படுதல் வேண்டா. ஞாயிற்றுக்கிழமைக் காலை, வெறிச்சோடிய சமதள வீதியிலே, அனுபவமுள்ள ஒருவரை அருகிருத்தி, கால் மணி நேரம் ஓட்டிப் பார்க்கலாம். அருகிருப்பவர் மனைவியாகவோ மகனாகவோ இருப்பின், அவர் சொல்லுவதைக் கோபமின்றிக் கேட்கவேண்டும். இது சொல்லுதற்கு எளிது. "இடப்பக்க மதிலோடு மிக ஒட்டிப் போகிறீர்கள், அப்பா" என்னும் சொல், பார்வைப் பரப்பைப் பற்றி வைத்தியரின் கருவி கூறுவதற்குச் சமமான சாட்சியாகலாம். இரவும் மழையும் பின்னர். நெடும்பயணம் அதற்கும் பின்னர். இடக்காலிலே வலுக் குறைந்தவர்க்குக் கியர் தானே மாறும் வண்டி உதவும். வலக்கால் குன்றியவர்க்குக் கையால் இயக்கும் விசைகளும் உள. எம் மாவட்டத்து இறக்கங்களிலே தடையை மட்டும் நம்பாது கீழ்க் கியரிலே இறங்க வேண்டியிருத்தலால், தானியங்கு வண்டிக்குப் புதிதாய் மாறுவோர் அதன் கீழ்க் கியர் நிலையைப் பழகிக்கொண்டே மலையேற வேண்டும்.

இன்சுலின் ஏற்றுவோர்க்குத் தனியே சில சொல்லவேண்டும். பிரித்தானிய விதி, புறப்படுமுன் இரண்டு மணி நேரத்துக்குள் இரத்தச் சீனியை அளந்திருக்க வேண்டும், பயணத்தின்போது இரண்டு மணிக்கு ஒருமுறை மீள அளக்கவேண்டும் என்கின்றது. லீற்றருக்கு 5 மில்லிமோல், அதாவது எம் நாட்டுக் கணக்கில் டெசிலீற்றருக்கு 90 மில்லிகிராம் அளவிலேனும் இருந்தாற் புறப்படலாம். அதற்குக் குறைந்தால் ஏதாவது உண்டு செல்க. 4 மில்லிமோலுக்கு, ஏறக்குறைய 70 மில்லிகிராமுக்கு, கீழே இறங்கிவிட்டால் ஓட்டலே ஆகாது. ஓடிக்கொண்டிருக்கும்போது தலை கிறுகிறுத்து, வியர்த்து, பசி கவ்வினால் வண்டியை ஓரங்கட்டி, இயந்திரத்தை நிறுத்தி, சாரதி ஆசனத்தை விட்டெழுந்து, குளுக்கோசோ சீனித் தண்ணீரோ அருந்துக. அளவு சீரானபின்னும் 45 நிமிடம் கழித்தே மீளத் தொடங்குதல் வேண்டும். சீனி இரத்தத்திலே ஏறிய வேகத்தில் மூளை தெளிவதில்லை. தம்புள்ளைக்கு இரவு லொறி ஓட்டுபவர் சாப்பாட்டை "இறக்கிவிட்டுப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடும் வழக்கம், இன்சுலின் ஏற்றுபவருக்குக் கொலைகார வழக்கம்.

வண்டியின் கையுறைப் பெட்டியிலே ஓர் உறை வைத்திருக்குமாறு வெளிநாட்டிலுள்ள அன்பர்க்கு யோசனை கூறுவோம். அதனுள் வைத்தியர் தகுதி கூறிய கடிதத்தின் பிரதி, பத்திரத்தை ஒப்படைத்த கடிதத்தின் பிரதி, விண்ணப்பம் அலுவலகத்தை அடைந்த நாளைக் காட்டும் அத்தாட்சி, காப்புறுதிக் கம்பனியின் பதில் ஆகிய நான்கும் இருக்கட்டும். உறையின் மேலே, விண்ணப்பம் சேர்ந்த நாளிலிருந்து 12 திங்கள் முடியும் திகதியைப் பெரிய எழுத்திலே எழுதி வைக்க. அத்திகதிக்கு இரண்டு திங்கள் முன்னரே கடிதம் வராவிடின், அலுவலகத்துக்கு மீள எழுதவும், தம் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் பணிமனைக்குச் சென்று முறையிடவும் காலம் இருக்கும்.